பந்தனாலில் கேபிபரா பார்க்க: முதன்முறை போகிறவர்களுக்கு

கேபிபரா என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் வருவது, வெந்நீர்த் தொட்டிக்குள் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் ஒரு பிராணி. சுற்றிலும் மஞ்சள் பழங்கள் மிதக்கும். அந்தக் காட்சி ஜப்பானுடையது. இசு ஷாபோடென் என்ற விலங்குப் பூங்காவில் 1982-இல் தொடங்கிய குளிர்கால வழக்கம் அது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதையே மனதில் வைத்துக்கொண்டு தென் அமெரிக்காவுக்கு விமானம் ஏறினால் பாதி விஷயம் கண்ணில் படாமலே போய்விடும். அங்கே ஜாகுவார், கெய்மன் முதலை, அனகோண்டா மூன்றுக்கும் கேபிபரா இரை. கூட்டமே சோம்பிப் படுத்திருப்பதுபோலத் தெரியும் நேரத்திலும் ஓரத்தில் ஒன்றாவது காதை விடைத்துக்கொண்டு காவல் நிற்கும். அந்தக் காவலைக் கவனிக்கத் தெரிந்துவிட்டால் போதும், அப்புறம் நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தாலும் சலிக்காது. கீழே சொல்லும் ஏற்பாடுகள் எல்லாம் அதற்காகத்தான்.

பிராணியைப் பற்றி இரண்டு வரி. இன்று உலகில் வாழும் கொறித்துண்ணிகளிலேயே பெரியது இதுதான். வளர்ந்த கேபிபரா பொதுவாக 35 முதல் 66 கிலோ வரை இருக்கும். நீளம் ஒரு மீட்டருக்குச் சற்று மேல், உயரம் 50-60 செ.மீ. பெண்தான் கொஞ்சம் கனம். வால் இல்லை என்றே சொல்லலாம். கினிப் பன்றிக்கு நெருங்கிய சொந்தம். (எலி வகையைப் பார்க்கவா இத்தனை செலவு என்று வீட்டில் கேட்பார்கள். பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.)

முதல் படி: எந்த ஈரநிலம் என்று முடிவு செய்யுங்கள்

ஆண்டீஸ் மலைத்தொடருக்குக் கிழக்கே, சிலியைத் தவிர, தென் அமெரிக்காவின் பெரும்பகுதியில் கேபிபரா உண்டு. ஆனால் பகலில், வெட்டவெளியில், கூட்டம் கூட்டமாகப் பார்க்க மூன்று இடங்கள் பேர்போனவை. வெனிசுலாவும் கொலம்பியாவும் பங்கிட்டுக்கொள்ளும் யானோஸ் புல்வெளி ஒன்று. பிரேசிலின் பந்தனால் இரண்டாவது. அர்ஜென்டினாவின் கொர்ரியன்டெஸ் மாகாணத்தில் இருக்கும் இபேரா சதுப்பு மூன்றாவது.

கேபிபராவின் குடும்ப வாழ்க்கையைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு யானோஸில் கிடைத்தது. ஆய்வாளர்கள் எமிலியோ ஹெரேராவும் டேவிட் மெக்டொனால்டும் வெனிசுலாவின் பெரிய மாட்டுப்பண்ணைகளில் கேபிபராக் கூட்டங்களைப் பின்தொடர்ந்து பார்த்து எழுதியவை இன்றும் அடிப்படை. அதே நாட்டில் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் கேபிபராக் கறி சாப்பிடும் பழக்கமும் இருக்கிறது. தண்ணீரில் வாழ்வதால் மாமிச விலக்கு இதற்குப் பொருந்தாது என்று கத்தோலிக்க மரபில் எப்போதோ இடம் கொடுத்துவிட்டார்கள். வேட்டையாடும் இடங்களில் இவை கூச்சப்பட்டு இரவுக்கு மாறிவிடும் என்பது புதியவர் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. கொலம்பியப் பக்கம் போக விரும்பினால் யோபால் நகரிலிருந்து கசனாரே பண்ணைகளுக்குப் போகலாம்.

இபேரா அமைதியான இடம். கொலோனியா கார்லோஸ் பெல்லெக்ரினி என்ற சிற்றூரை ஒட்டியே மேய்ச்சல் நடக்கும். ஆனால் அது வெப்பமண்டலத்துக்குச் சற்றுத் தெற்கே தள்ளி இருக்கிறது. ஜாகுவார் அங்கே அற்றுப்போய், 2021-இல்தான் மறுபடி கொண்டுவந்து விட ஆரம்பித்தார்கள்.

முதன்முறை என்றால் என் சிபாரிசு பந்தனால். பிரேசிலில் பெரும்பகுதி, பொலிவியாவிலும் பராகுவேயிலும் கொஞ்சம் என்று பரந்து கிடக்கும் இந்த ஈரநிலம் தமிழ்நாட்டைவிடப் பெரியது. அமேசானிலும் கேபிபரா இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் காடு மறைத்துவிடும். பந்தனாலில் மறைக்க எதுவும் இல்லை. பிரேசிலில் 1967-இலிருந்து காட்டுவிலங்கு வேட்டைக்குச் சட்டத் தடை இருப்பதால், மனிதர்களைக் கண்டு தலைதெறிக்க ஓடும் பழக்கமும் அங்கே குறைவு.

பந்தனாலுக்கு இரண்டு வாசல். தெற்கே காம்போ கிராந்தி நகரிலிருந்து மிராந்தா, கொரும்பா பக்கம் போவது ஒன்று. வடக்கே குயாபா நகரில் இறங்கி, நூறு கிலோமீட்டர் தள்ளியுள்ள போகோனே வழியாக டிரான்ஸ்பந்தனேய்ரா சாலையைப் பிடிப்பது இன்னொன்று. வடக்கு வாசலைத் தேர்ந்தெடுங்கள். காரணம் அந்தச் சாலை போடப்பட்ட விதம். 1970-களில் வடக்கிலிருந்து கொரும்பா வரை ஈரநிலத்தைக் குறுக்கே வெட்டிப் போகத் திட்டம் போட்டார்கள். சுமார் 145 கி.மீ. போய், குயாபா ஆற்றங்கரையில் போர்த்து ஜோஃப்ரியில் நின்றுவிட்டது. வெள்ளத்துக்கு மேலே நிற்க வேண்டுமே என்று இருபுறமும் மண்ணைத் தோண்டிச் சாலையை மேடாக்கினார்கள். தோண்டிய பள்ளங்கள் குட்டைகளாகிவிட்டன. வறட்சிக் காலத்தில் சுற்றுவட்டாரமே காயும்போது இந்தக் குட்டைகளில் மட்டும் தண்ணீர் மிஞ்சும். கெய்மன், கொக்கு, நாரை, கேபிபரா எல்லாம் சாலையோரத்துக்கு வந்துசேரும். ஒரு பாதியில் நின்ற சாலை இப்படிப் பயன்படும் என்று யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

இரண்டாம் படி: மாதத்தைக் குறியுங்கள்

நவம்பரிலிருந்து மார்ச் வரை மழை. அப்போது தண்ணீர் எங்கும் பரவிக் கிடப்பதால் கேபிபராவும் எங்கும் பரவிவிடும். டிரான்ஸ்பந்தனேய்ராவும் சேறாகும். ஜூலையிலிருந்து அக்டோபர் வரை வறட்சி. நீர்நிலைகள் சுருங்கச் சுருங்க, சாதாரணமாகப் பத்து இருபது என்று வாழும் கூட்டங்கள் ஒரே குட்டையை நோக்கி நெருங்கும். நூறு வரைகூட ஒரே இடத்தில் சேர்வது உண்டு. நிலம் கிட்டத்தட்டத் தட்டையாக இருப்பதால் வடக்கில் ஏறிய வெள்ளம் தெற்குக்குப் போய்ச்சேர மூன்று நான்கு மாதங்கள் பிடிக்கும். வடக்கு காய்ந்திருக்கும் மே, ஜூனில் தெற்கில் வெள்ளம் நிற்கலாம். எந்த வாசல் என்று தெரியாமல் மாதத்தைக் குறிக்காதீர்கள்.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள்தான் முதல் தேர்வு. குட்டிகளைப் பார்க்க ஆசை என்றால் கொஞ்சம் முன்னால், மே ஜூனில் போகலாம். மழை தொடங்கும்போது இனச்சேர்க்கை கூடும், சினைக்காலம் ஏறக்குறைய ஐந்து மாதம், ஆகவே மழையின் கடைசியில் பிறந்த குட்டிகள் அப்போது தாயின் பின்னால் திரியும். செப்டம்பர் கடைசியில் வெயில் 40 டிகிரியைத் தொடும், காட்டுத்தீப் புகையும் சேரும். 2020-இல் பந்தனாலின் கால் பங்குக்கு மேல் எரிந்தது.

ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பமண்டலத்துக்கு எதற்கு என்று தோன்றும். மே முதல் ஆகஸ்ட் வரை தெற்கிலிருந்து திடீரெனக் குளிர்காற்று ஏறி வரும். ‘ஃப்ரியாஜெம்’ என்பார்கள். நேற்று 33 டிகிரி இருந்த இடம் இன்று 12-க்கு இறங்கும். அந்த நாளில் திறந்த படகில் மெல்லிய சட்டையோடு போனால் பல் தந்தியடிக்கும். கேபிபராக்களும் அன்று தண்ணீரில் இறங்காமல் ஒன்றோடொன்று ஒட்டிக் கரையில் கிடக்கும்.

மூன்றாம் படி: கிளம்பும் முன் உடம்பைக் கவனியுங்கள்

சென்னையிலிருந்து நேர் விமானம் கிடையாது. துபாய் அல்லது தோஹா வழியாகச் சாவ் பாவ்லோ போய், அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் குயாபா. இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும். இதெல்லாம் பயண முகவரே சொல்லிவிடுவார். அவர் சொல்ல மறக்கக்கூடியது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி.

பந்தனால் மஞ்சள் காய்ச்சல் உள்ள பகுதி, ஊசி உங்களுக்கே நல்லது. அதைவிட முக்கியம், பிரேசிலிலிருந்து திரும்பும்போது இந்திய விமான நிலையத்தில் அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள். இல்லையென்றால் தனிமைப்படுத்தி வைக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. இலங்கையிலும் இதே விதிதான். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும், அதற்கப்புறம் ஆயுள் முழுக்கச் செல்லும். எல்லா மருத்துவமனையிலும் இந்த ஊசி கிடைக்காது. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் போன்ற அரசு அங்கீகரித்த மையங்களில்தான் போடுவார்கள். குறிப்பிட்ட நாட்களில், முன்பதிவோடு. கடைசி வாரத்துக்கு இதை வைக்காதீர்கள். முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் அறுபது வயதைத் தாண்டியவர்களும் மருத்துவரிடம் பேசிவிட்டுப் போவது அவசியம்.

அடுத்தது உண்ணி. கேபிபரா இருக்கும் இடத்தில் உண்ணி இருக்கும், இதில் விதிவிலக்கு எதிர்பார்க்க வேண்டாம். அங்கே ‘நட்சத்திர உண்ணி’ என்று ஒரு வகை உண்டு. அது குதிரை, டேபிர் (பன்றி போன்ற ஒரு காட்டு விலங்கு), கேபிபரா மூன்றையும் பிடிக்கும், மனிதரையும் விடாது. வறட்சிக் காலத்தின் தொடக்கத்தில் அதன் இளம்பருவம், கடுகைவிடச் சிறியது, புல் நுனியில் நூற்றுக்கணக்காகக் கொத்தாகக் காத்திருக்கும். உரசிக்கொண்டு நடந்தால் மொத்தக் கொத்தும் கால்சட்டையில். வெளிர்நிறக் கால்சட்டை, அதன் அடிவிளிம்பை உள்ளே செருகிய உயரமான காலுறை, முழுக்கைச் சட்டை. உடைக்குப் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி தெளித்துக்கொள்வது நல்லது. தோலுக்கு டீட் என்ற பூச்சிவிரட்டி கலந்த களிம்பு. கையோடு அகலமான ஒட்டுநாடா ஒன்று வைத்திருங்கள். குட்டி உண்ணிக் கொத்தை ஒட்டி எடுக்க அதைவிடச் சிறந்தது இல்லை. கடித்துப் பிடித்த பெரிய உண்ணியை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். தீக்குச்சியால் சுடுவது, எண்ணெய் ஊற்றுவது வேண்டாம்.

இந்த உண்ணி மூலம் பரவும் புள்ளிக்காய்ச்சல் பிரேசிலில் உயிரைக் குடிக்கும் நோய். பெரும்பாலும் சாவ் பாவ்லோ, மினாஸ் ஜெராயிஸ் போன்ற தென்கிழக்கு மாநிலங்களில்தான் வருகிறது. அந்த ஊர்ப் பூங்கா ஏரிகளிலும் கேபிபரா மேயும். போகிற வழியில் அங்கேயே பார்த்துவிடலாம் என்று புல்தரையில் உட்காரப் போகிறவர்களுக்குத்தான் இந்த எச்சரிக்கை முக்கியமாக.

பைனாகுலர் 8×42 இருந்தால் போதும். கேமராவுக்கு 300 மி.மீ.க்கு மேல் லென்ஸ். சாலைத் தூசி எல்லாவற்றுக்குள்ளும் நுழையும், பிளாஸ்டிக் உறை வேண்டும். சொந்தமாக வண்டி ஓட்டுவதானால் போகோனேயிலேயே டாங்கை நிரப்புங்கள். சாலையில் நூற்றுக்கு மேல் பாலங்கள், மரத்தாலானவையும் உண்டு. இறங்கிப் பலகையைப் பார்த்துவிட்டு ஏற்றுவதில் வெட்கம் வேண்டாம். சைவர்களுக்கு ஒரு வார்த்தை: விடுதிகளில் சோறும் கறுப்பு பீன்ஸும் தினமும் உண்டு, ஆனால் பீன்ஸில் இறைச்சித்துண்டு போட்டு வேகவைப்பது அங்கே சாதாரணம். முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

நான்காம் படி: பிராணியைத் தேடாதீர்கள், விளிம்பைத் தேடுங்கள்

புதியவர்கள் செய்வது, தண்ணீர் தெரிந்த இடமெல்லாம் வண்டியை நிறுத்திப் பார்ப்பது. பந்தனாலில் தண்ணீர் எங்கும்தான் இருக்கிறது. கேபிபராவுக்கு மூன்று விஷயம் பக்கத்துப் பக்கத்தில் வேண்டும். தப்பி ஓடவும் வெயிலில் ஊறவும் நிரந்தரத் தண்ணீர். மேய குட்டையான பசும்புல். படுக்கவும் குட்டி ஈனவும் வெள்ளம் ஏறாத, மரம் புதர் உள்ள மேடு. மூன்றும் சில நூறு மீட்டருக்குள் சந்திக்கும் இடமே ஒரு கூட்டத்தின் குடியிருப்பு.

உள்ளூர்க்காரர்களிடம் கேட்கும்போது அவர்கள் சொல்லைப் பயன்படுத்தினால் வேலை சுலபம். கேபிபராவுக்கு அங்கே கபிவாரா என்று பெயர். நிரந்தர ஏரியை ‘பயீயா’ என்பார்கள். ஏரிகளை இணைக்கும் ஓடை ‘கொரீஷு’. வெள்ளத்துக்கு ஒன்றிரண்டு மீட்டர் மேலே நிற்கும் மரத்திட்டு ‘கோர்டில்யேரா’. கோர்டில்யேராவை ஒட்டிய பயீயாவில் கபிவாரா உண்டா என்று விடுதி வழிகாட்டியிடம் கேளுங்கள். ஜாகுவார் காட்டினால்தான் பயணிக்குத் திருப்தி என்று பழகிப்போன அவர், ஒரு கணம் உங்களை நிமிர்ந்து பார்ப்பார். பந்தனாலின் பெரும்பகுதி தனியார் மாட்டுப்பண்ணை நிலம் என்பதால், அவர் அனுமதி வாங்காமல் வேலி தாண்டுவது கூடாது.

தாவரங்களில் இரண்டு உங்களுக்குப் பழக்கமானவையாக இருக்கும். நம் ஏரிகளை மூடிக்கொண்டு படாத பாடு படுத்தும் ஆகாயத்தாமரை பந்தனால் மண்ணின் பிள்ளை. அங்கே அது அளவோடு இருக்கிறது. வெள்ளம் பெருகிச் சுருங்குவதில் அடித்துப்போகிறது. கேபிபராவும் அதைத் தின்னும். அதன் திட்டுகளுக்கு நடுவே மூக்கை மட்டும் நீட்டி ஒளிந்தும் நிற்கும். இன்னொன்று, ஊதா நிறப் பூவோடு நம் வாய்க்கால் கரைகளில் மண்டும் நெய்வேலி காட்டாமணக்கு. அதுவும் தென் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். ஈரமான மேய்ச்சல் பள்ளத்தின் ஓரத்தில் அது நிற்கும்.

அடையாளங்கள்: முன்காலில் நான்கு விரல், பின்காலில் மூன்று, நட்சத்திரம்போல விரிந்து, சேற்றில் ஆழமாகப் பதிந்திருக்கும். பாதி சவ்வு இணைந்த கால் என்பதால் விரலிடுக்கு மங்கலாகத் தெரியும். புழுக்கை ஆட்டினுடையதைவிடப் பெரிது, நீள்வட்டம், குவியலாகக் கிடக்கும். கரையோரப் புல் இயந்திரம் வைத்து வெட்டியதுபோல ஒட்டக் கத்தரித்திருக்கும். நாளுக்கு மூன்று கிலோ அளவுக்குப் புல் தின்னும் பிராணி இருபது சேர்ந்தால் அப்படித்தான் ஆகும். புழுக்கை பளபளப்பாக இருந்தால் கூட்டம் தூரத்தில் இல்லை. அங்கேயே நில்லுங்கள்.

ஐந்தாம் படி: உட்காருங்கள்

முப்பது மீட்டருக்கு அந்தப் பக்கம், காற்று உங்கள் முகத்தில் அடிக்கும்படி, தண்ணீருக்கும் கூட்டத்துக்கும் நடுவில் வராத இடமாகப் பார்த்து உட்காருங்கள். கடைசி நிபந்தனைதான் முக்கியம். அதன் தப்பிக்கும் வழி தண்ணீர். அந்த வழியை நீங்கள் அடைத்துவிட்டால் அப்புறம் நீங்கள் பார்ப்பதெல்லாம் பதற்றம் மட்டுமே. வண்டியில் இருந்தால் இறங்க வேண்டாம். வண்டியைப் பொருட்படுத்தாத கூட்டம் கதவு திறந்ததும் எழுந்துவிடும்.

விடியற்காலையில் அநேகமாக ஓய்வு. சில சமயம் உட்கார்ந்தபடி தலையைப் பின்னால் வளைத்து எதையோ தின்னும். தன் சாணத்தைத்தான். முதல்முறை செரிமானத்தில் பெருங்குடலின் தொடக்கத்தில் நொதித்து வந்த மென்மையான பகுதியை மறுபடி தின்று சத்தை எடுத்துக்கொள்கிறது. மாடு அசைபோடும் வேலையை இது இப்படிச் செய்கிறது. குழந்தைகளோடு போனால் இந்தக் கேள்விக்குத் தயாராக இருங்கள். வெயில் ஏறியதும் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் இறங்கும். கண், காது, மூக்கு மூன்றும் தலையின் மேல் விளிம்பில் ஒரே வரிசையில் இருப்பது ஏன் என்று அப்போது புரியும். உடம்பு முழுக்க மூழ்கியிருக்க, பார்க்கவும் கேட்கவும் மூச்சுவிடவும் ஒரு அங்குலம் வெளியே இருந்தால் போதும். வேண்டுமென்றால் ஐந்து நிமிடம் வரை முழுதாகவே மூழ்கவும் செய்யும். மேய்ச்சல் சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் தொடங்கி இருட்டிய பின்னும் நீளும். ஆக, ஒரே ஒரு நேரம்தான் கிடைக்கும் என்றால் மூன்றரை மணிக்குப் போய் இருட்டும் வரை இருங்கள்.

முதலில் தலைவனைக் கண்டுபிடியுங்கள். வெளித்தோற்றத்தில் ஆண் பெண் பிரிப்பது கடினம், ஆனால் முதிர்ந்த ஆணின் மூக்கின்மேல் முடியில்லாத, கருத்த, பளபளப்பான ஒரு புடைப்பு இருக்கும். ‘மொர்ரில்யோ’ என்று ஸ்பானிய மொழி பேசுகிறவர்கள் சொல்லும் வாசனைச் சுரப்பி அது. அதைச் செடிகளில் தேய்த்து, அதே செடியைக் கால்களுக்கு நடுவே விட்டு நடந்து போய் அடையாளம் வைக்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய புடைப்பு யாருக்கோ, அதுதான் பெரும்பாலும் தலைவன். அது எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நடுவில், பெண்களுக்குப் பக்கத்தில். மற்ற ஆண்கள் விளிம்பில். தலைவன் ஒன்றைத் துரத்தும், துரத்தப்பட்டது சில அடி தள்ளிப்போய் மறுபடி மேயும். பெரிய சண்டை எதுவும் இல்லாமல் நாள் முழுக்க இது நடக்கும்.

விளிம்பில் நிற்பவை எதற்காகக் கூட்டத்தை விட்டுப் போகாமல் இருக்கின்றன என்பது நல்ல கேள்வி. கூட்டத்தை விட்டால் மேய்ச்சல் நிலமும் இல்லை, காவலும் இல்லை. யானோஸில் எண்ணிப் பார்த்ததில், தலைவன் எந்த ஒரு ஆணைவிடவும் அதிகமாக இணைசேர்ந்தது. ஆனால் விளிம்பு ஆண்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டினால் தலைவனைவிட அதிகம். காரணம், இனச்சேர்க்கை நடப்பது தண்ணீருக்குள். தலைவன் ஒன்றைத் துரத்தும் நேரத்தில் இன்னொன்று வந்துவிடும். பெண்ணுக்கு விருப்பம் இல்லையென்றால் முங்கிவிடும், அல்லது கரையேறிப் போய்விடும். கதை முடிந்தது. பின்தொடரும் ஆண் தண்ணீரில் விழித்தபடி நிற்பதைப் பார்க்கச் சிரிப்பு வரும்.

அடுத்து குட்டிகள். சராசரியாக நான்கு பிறக்கும். பிறந்த ஒரு வாரத்திலேயே புல் கடிக்கத் தொடங்கும், பால்குடி பதினாறு வாரம் வரை. கூட்டத்தின் குட்டிகள் எல்லாம் ஒன்றாகத் திரியும். எந்தத் தாயிடமும் பால் குடிக்கும். எது யாருடைய குட்டி என்று கணக்கெடுக்க முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள். அதற்குப் பதில் காதைத் தீட்டுங்கள். குட்டிகள் இடைவிடாமல் மெல்லிய குர்ர் ஒலியும் சீழ்க்கையும் விட்டுக்கொண்டே இருக்கும். கூட்டத்தோடு தொடர்பில் இருப்பதற்கான சத்தம் அது. வல்லூறு வகையான கரகரா, கறுப்புப் பிணந்தின்னிக் கழுகு இரண்டும் பக்கத்து மரத்தில் வந்து உட்கார்ந்தால் பெண்கள் குட்டிகளை நடுவில் விட்டு நெருங்குவதைக் கவனியுங்கள். பிறந்த குட்டியைத் தூக்கக்கூடியவை அவை.

அதே கரகராவில் மஞ்சள்தலை வகை ஒன்று பெரிய கேபிபராவின் உடம்பில் ஏறி உண்ணி பொறுக்கும். கேபிபரா சாய்ந்து படுத்து வயிற்றைக் காட்டும். முதுகில் சவாரி செய்யும் மஞ்சள் வயிற்றுக் குருவி வேறு ஒன்று. அதன் கண் உண்ணியில் இல்லை. எருமை முதுகில் கரிச்சான் உட்கார்ந்திருப்பதுபோல, மேய்ச்சலில் கிளம்பும் பூச்சிகளைப் பிடிக்க உட்கார்ந்திருக்கிறது. எல்லா உயிரோடும் கேபிபராவுக்கு நட்பு என்று இணையத்தில் சுற்றும் படங்களில் பாதி இந்த இரண்டு பறவைகளுடையது. கெய்மனோடு பக்கத்தில் படுத்திருக்கும் படமும் பிரபலம். அங்குள்ள ஜகாரே கெய்மனுக்கு முழுவளர்ச்சி அடைந்த கேபிபரா பெரிய இரை, மீன் பிடிப்பது அதற்குச் சுலபம். அதனால் வெயில் காயும் இடத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அதே கெய்மன் பக்கத்தில் குட்டி தனியாக நீந்தினால் தாயின் நடத்தை எப்படி மாறுகிறது என்று பாருங்கள். நட்பு என்ற சொல்லை அப்புறம் நீங்களே எடுத்துவிடுவீர்கள்.

ஆறாம் படி: குரைப்பைக் கேட்டால்

கூட்டத்தை அரைமணி நேரம் பார்த்தபின் எல்லாம் அமைதி என்று தோன்றும்போது, தலைகளை எண்ணுங்கள். எத்தனை கீழே, எத்தனை மேலே? பெரிய கூட்டத்தில் ஒவ்வொன்றும் நிமிர்ந்து பார்க்கும் நேரம் குறைவு, சிறு கூட்டத்தில் அதிகம். நிமிர்ந்து பார்ப்பது பெரும்பாலும் விளிம்பில் இருப்பவைதான். ஒன்று மேய்வதை நிறுத்தி விறைத்து நிற்கும். பக்கத்தில் உள்ளது அதைப் பார்க்கும். பிறகு ஒரு குரைப்பு. நாய் இருமுவதுபோலக் கட்டையாக, ஒற்றையாக. குரைப்பு நின்றுவிட்டால் மேய்ச்சல் தொடரும். தொடர்ந்தால் மொத்தக் கூட்டமும் தண்ணீரில். குட்டிகள் நடுவில், பெரியவை வெளியே பார்த்தபடி.

குரைக்கும்போது உங்களைப் பார்க்கிறதா, வேறெங்கோ பார்க்கிறதா என்பதைக் கவனியுங்கள். உங்களைப் பார்த்தால் மெதுவாகப் பின்வாங்குங்கள், கிட்டப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம். வேறு திசை என்றால் அந்தத் திசைக்குப் பைனாகுலரைத் திருப்புங்கள். போர்த்து ஜோஃப்ரியில் படகுக்காரர்கள் ஜாகுவாரைக் கண்டுபிடிக்கும் முறைகளில் இது ஒன்று. அங்கே ஜாகுவார் அதிகம் தின்பது கெய்மனும் கேபிபராவும்தான். கரையில் நடக்கும் ஜாகுவாரைத் தேடி இருபது படகுகள் வாக்கிடாக்கியில் கத்திக்கொண்டு ஓடும்போது, உங்கள் படகுக்காரரிடம் இன்ஜினை அணைத்துவிட்டு ஒரு கேபிபராக் கூட்டத்துக்கு எதிரே நிற்கச் சொல்லுங்கள். அவருக்குப் பிடிக்காமல் போகலாம். ஆனால் கூட்டத்துக்கு நம்மைவிட நல்ல மூக்கு இருக்கிறது.

செய்யக் கூடாதவை

உணவு கொடுக்காதீர்கள். தொட முயலாதீர்கள். வாழ்நாள் முழுக்க வளரும் வெட்டுப்பற்கள் அதற்கு, கடித்தால் தையல் போடும் அளவுக்குக் கிழியும். நிலத்தில் மணிக்கு 35 கி.மீ. வேகத்தில் ஓடும் என்பதால் துரத்திப் படம் எடுப்பதும் நடக்காத காரியம். கேபிபரா குளிக்கிறதே என்று நீங்களும் இறங்க வேண்டாம். அது எங்கே இறங்கலாம் என்று பார்த்துத்தான் இறங்குகிறது, உங்களுக்கு அது தெரியாது. இரவில் டார்ச் அடித்துப் பார்க்கும் சவாரி விடுதிகளில் உண்டு. ஒருமுறை போகலாம், ஆனால் ஒளியைக் கண்ணில் நிறுத்தி வைக்கச் சொல்லாதீர்கள். வெளிச்சத்தில் கண் கூசி நிற்கும் கேபிபராவுக்குப் பக்கத்தில் ஜாகுவார் இருந்தால் நீங்கள் அதற்கு உதவி செய்தவராவீர்கள்.

டிரான்ஸ்பந்தனேய்ராவில் இருட்டிய பின் வண்டி ஓட்டுவதைத் தவிருங்கள். பகலில் குட்டையில் கிடந்தவை எல்லாம் அந்த நேரத்தில் சாலையில் படுத்திருக்கும்.

திரும்பிய பின்

விடுதியை விட்டுக் கிளம்பும் முன் துணிகளை வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் காயவையுங்கள். முடியாவிட்டால் பிளாஸ்டிக் பையில் கட்டித் தனியாகக் கொண்டுவாருங்கள். காதுக்குப் பின்னால், அக்குள், இடுப்பு மடிப்பு, முழங்காலின் பின்புறம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். ஊர் திரும்பி இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் தலைவலியும் வந்தால், சாதாரண வைரஸ் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டு காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் போய், பிரேசிலில் உண்ணி கடித்தது என்று நீங்களாகவே சொல்லுங்கள். உண்ணிப் புள்ளிக்காய்ச்சலுக்குக் கொடுக்கும் டாக்சிசைக்ளின் மருந்து, நம் ஊரில் ஸ்க்ரப் டைபஸுக்குக் கொடுப்பதும்தான். மருத்துவருக்குப் புதிதல்ல, பயண விவரம் தெரிந்தால்தான் யோசிப்பார். கொசுவால் வரும் டெங்கு பிரேசிலிலும் அதிகம் என்பதால் அந்தப் பரிசோதனையும் சேர்த்துக் கேட்பார்.

மஞ்சள் காய்ச்சல் சான்றிதழைச் சரக்குப் பெட்டியில் போடாதீர்கள், கடவுச்சீட்டோடு கையில் இருக்கட்டும். குடியேற்ற வரிசைக்கு முன்னாலேயே சுகாதார மேசையில் கேட்பார்கள்.